ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? விக்கியில் பல வரிசைத் தொகுப்பு அறிக்கைகள் உருவாகும் விதம்

ஒரு மென்பொருள் குழு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டம் முடிந்ததும் குழுவின் விக்கியில் (உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கத் தொகுப்பில்) அன்றைய தேதியில் ஒரு பக்கம் திறந்து, யார் யார் வந்திருந்தார்கள், என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, எந்த வேலையை யார் எந்த நாளுக்குள் முடிக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறார்கள். ஆறு மாதத்தில் 26 பக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன. அப்போது குழுத் தலைவர் ஒன்று கேட்கிறார்: இன்னும் முடியாமல் இருக்கும் வேலைகள் அனைத்தையும், பொறுப்பாளரின் பெயரோடும் கெடு நாளோடும், ஒரே அட்டவணையில் பார்க்க முடியுமா? கேட்பதில் தவறே இல்லை. விவரங்கள் எல்லாம் விக்கிக்குள்ளேயே இருக்கின்றன. ஆயினும் விக்கியின் அறிக்கை வசதியைக் கொண்டு அந்த அட்டவணையை உருவாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது 26 வரிசைகள்தாம். கூட்டத்துக்கு ஒரு வரிசை. அதன் ஒரு கட்டத்துக்குள் நான்கு பேரின் பெயர்கள், அடுத்த கட்டத்துக்குள் நான்கு தேதிகள். எந்தத் தேதி யாருக்குரியது என்பதை அந்த அட்டவணை சொல்வதில்லை. அதைக் கெடு நாள் வாரியாக அடுக்கவும் முடியாது, ஒருவருடைய வேலைகளை மட்டும் பிரித்தெடுக்கவும் முடியாது.

இதை மென்பொருளின் ஒரு சிறு குறையாகக் கருதி, பலர் உடனே ஒரு செருகுநிரலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, தேடிப் போகிறார்கள். குறை அவ்வளவு சிறியதன்று. விக்கி என்ற கருத்தின் அடித்தளத்திலேயே அது இருக்கிறது. வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் திறந்தபோது அதிலிருந்த ஒரே அலகு பக்கம். பக்கத்துக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கொண்டு வேறு எங்கிருந்தும் அதற்கு இணைப்புத் தரலாம். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து திருத்தலாம். பக்கத்துக்குள் இருக்கும் பத்திக்கோ, பட்டியலின் ஓர் உருப்படிக்கோ, அட்டவணையின் ஒரு வரிசைக்கோ தனிப் பெயரும் இல்லை, தனி இருப்பும் இல்லை. அவை பக்கத்தின் உரையில் வரும் எழுத்துகள் மட்டுமே. பின்னால் வந்த விக்கிகள் பதிப்பு வரலாறு, அணுகல் உரிமை, லேபிள், தேடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டபோதும் அவை எல்லாவற்றையும் பக்கத்தின் மீதே ஏற்றின. ஆகவே அறிக்கை எழுதும் வசதி வந்தபோது அதற்கு எண்ணத் தெரிந்த பொருள் பக்கம் ஒன்றுதான். குழுத் தலைவர் வேலைகளின் பட்டியலைக் கேட்கிறார். விக்கிக்குத் தெரிந்ததோ கூட்டங்கள் மட்டும்.

தரவுத்தளத் துறைக்கு இது புதிய சிக்கலே அன்று. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணிபுரிந்த எட்கர் காட், 1970-இல், தரவை ஒன்றோடொன்று இணையும் அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்த தம் ஆய்வுக் கட்டுரையில் ஒரு பணியாளர் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பணியாளருக்குப் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுதான். ஆனால் அவர் வகித்த பதவிகள் பல, பிள்ளைகள் பலர், ஒவ்வொரு பதவியிலும் வாங்கிய சம்பளங்களும் பல. இவற்றைப் பணியாளரின் ஒற்றைப் பதிவுக்குள் அடைத்துவைப்பதற்கு மாறாக, காட் அவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக வெளியே எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் பணியாளர் எண்ணைத் திரும்பக் குறித்துவைத்தார். அப்படிப் பிரித்த பிறகு சம்பள வரலாற்றின் ஒரு வரிசை, பணியாளர் எண், பதவியேற்ற நாள், சம்பளம் மாறிய நாள், சம்பளம் ஆகிய நான்கையும் தன்னுள் கொண்டு, பிற வரிசைகளின் துணையின்றியே பொருள் தரும். கூட்டக் குறிப்புப் பக்கத்தைப் பணியாளராகவும் அதிலுள்ள வேலைகளைப் பதவிகளாகவும் பார்த்தால், குழுத் தலைவரின் கேள்வியும் காட் தீர்த்த கேள்வியும் ஒன்றே என்பது விளங்கும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் நடைமுறைக்கு உரியது. பல வரிசை அறிக்கை ஒன்றைக் கட்டத் தொடங்குகிறவர் எந்த மேக்ரோவை (பக்கத்தில் செருகியதும் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் சிறு கருவியை) பயன்படுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த அறிக்கையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்க வேண்டும். "ஒரு வரிசை என்பது ஒரு கூட்டத்தில் ஒருவர் ஏற்றுக்கொண்ட ஒரு வேலை" என்று எழுதிய பிறகு, ஒரே வேலையை இருவர் ஏற்றுக்கொண்டால் அது ஒரு வரிசையா இரண்டா என்ற கேள்வி தானாக எழும். அதற்கும் அங்கேயே பதில் சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பதிலை நிறைவேற்றும் இடம் மூலப் பக்கம். கூட்டக் குறிப்பை எழுதுகிறவர் வேலைகளை எந்த வடிவத்தில் பதிகிறார் என்பதிலேயே அறிக்கையின் விதி முடிவாகிவிடுகிறது. வடிவமின்றி எழுதப்பட்ட உரையிலிருந்து எவ்வளவு திறமையான அறிக்கையாலும் வரிசைகளைப் பிரித்தெடுக்க இயலாது.

அலுவலகங்களில் பரவலாகப் பயன்படும் கன்ஃபுளூயன்ஸை எடுத்துக்கொள்வோம். அட்லாசியன் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட இந்த மென்பொருளில் தொகுப்பு அறிக்கைக்கென இரண்டு மேக்ரோக்கள் இணைந்து வேலை செய்கின்றன. மூலப் பக்கத்தில் பேஜ் ப்ராப்பர்ட்டீஸ் என்ற மேக்ரோவுக்குள் இரண்டு நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணையை இடுகிறோம்; இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் மதிப்பு. அந்தப் பக்கத்துக்கு ஒரு லேபிள், அதாவது வகைக் குறிச்சொல், ஒட்டுகிறோம். அறிக்கைப் பக்கத்தில் இருக்கும் மற்றொரு மேக்ரோ, அந்த லேபிள் கொண்ட பக்கங்களைத் தேடியெடுத்து, இடப்பக்கத் தலைப்புகளை நெடுவரிசைகளாகவும் பக்கங்களை வரிசைகளாகவும் திருப்பி வைத்துக் காட்டுகிறது. முதல் கட்டத்தில் பக்கத்தின் பெயர் இணைப்பாக நிற்கும். திட்டத்துக்கு ஒரு பக்கம், வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம் என்று வைத்திருக்கும் குழுவுக்கு இது மிக நன்றாக உதவுகிறது. ஒரே பக்கத்தில் வெவ்வேறு வகை விவரங்கள் இருந்தால், ஒவ்வொரு மேக்ரோவுக்கும் ஓர் அடையாளப் பெயர் தந்து, அறிக்கை எதைப் படிக்க வேண்டும் என்றும் குறிப்பிடலாம். ஆனால் ஒரு தலைப்புக்கு ஒரு மதிப்பு என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. வலப்பக்கக் கட்டத்துக்குள் நான்கு வேலைகளைப் பட்டியலாக எழுதினால், அறிக்கையும் அந்த நான்கையும் ஒரே கட்டத்துக்குள் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கன்ஃபுளூயன்ஸிலேயே இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத ஒரு வசதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தில் தேர்வுப் பெட்டியுடன் எழுதப்படும் பணி வரி, வெறும் உரையாக நின்றுவிடாமல் தனி உருப்படியாகவே பதிவாகிறது. அந்த வரிக்குள் ஒருவரின் பெயரைச் சுட்டினால் அவர் பொறுப்பாளர்; ஒரு தேதியைச் செருகினால் அதுவே கெடு நாள். டாஸ்க் ரிப்போர்ட் என்ற மேக்ரோ இப்படிப்பட்ட வரிகளைப் பல பக்கங்களிலிருந்து திரட்டி, பணிக்கு ஒரு வரிசையாக, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு காட்டுகிறது. குழுத் தலைவரின் கேள்விக்கு இது நேரடியான விடை. ஆனால் இந்த விடை வேலை, பொறுப்பாளர், கெடு என்ற மூன்றோடு முடிந்துவிடும். முன்னுரிமை வேண்டும், செலவு மதிப்பீடு வேண்டும், எந்த வாடிக்கையாளருக்கானது என்பது வேண்டும் என்றால் அவற்றுக்கு அங்கே இடமில்லை. அதன் பிறகு குழுவின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் பக்கம் திறப்பது ஒன்று. பக்கத்தில் உள்ள அட்டவணைகளை வரிசை வரிசையாகப் படித்து ஒன்றுசேர்க்கும் கட்டணச் செருகுநிரல் ஒன்றை வாங்குவது மற்றொன்று. ஒரு வரியில் முடியும் விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் திறக்கச் சொன்னால், மூன்றாவது வாரத்திலேயே எழுதுகிறவர்கள் சலித்துப்போவார்கள் என்பதால், முதல் வழியை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். தனி விவாதமும் வரலாறும் வேண்டிய கனமான உருப்படிகளுக்கு மட்டும் அது பொருந்தும்.

இந்தச் சிக்கலைக் கன்ஃபுளூயன்ஸுக்கு முன்பே சந்தித்தது டிவிக்கி. பீட்டர் தோனி 1998-இல் தொடங்கிய இது, நிறுவனங்களின் உள்வலையமைப்புக்காகவே வளர்ந்த விக்கி. பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகச் சேமித்தது. பக்கத்துடன் ஒரு படிவத்தை இணைத்து, அதன் புலங்களைத் தேடல் வழியாகத் திரட்டி அட்டவணையாக்கும் வசதி அதில் இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு படிவம்தான் இணைக்க முடியும் என்பதால் இங்கும் பக்கமே வரிசையானது. ஆனால் டிவிக்கியின் தேடலில் வேறொரு வாய்ப்பும் இருந்தது. பொதுவாகத் தேடல், ஒரு பக்கத்தில் பொருத்தம் கிடைத்ததும் அந்தப் பக்கத்தை ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மல்டிபிள் என்ற அளவுருவை இயக்கிவிட்டால், பக்கத்துக்குள் பொருந்தும் ஒவ்வொரு வரியையும் தனி விடையாகத் தரும். அட்டவணையின் வரிசை ஒவ்வொன்றும் மூல உரையில் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு வரி என்பதால், அந்த வரிகளை ஓர் உருவமைப்புத் தேடலால் (எழுத்துகள் அமைந்திருக்கும் விதத்தைக் கொண்டு தேடும் முறையால்) பிடித்து, வேண்டிய துண்டுகளைப் பிரித்தெடுத்து, புதிய அட்டவணையின் வரிசைகளாக அச்சிட முடிந்தது. தரவுத்தளமே இல்லாத ஒரு மென்பொருளில் பல வரிசை அறிக்கை எழுத இது வழி செய்தது.

அந்த வழியின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தேடல் பார்ப்பது எழுத்துகளை மட்டும். அட்டவணையில் யாரோ ஒரு நெடுவரிசையை நடுவில் சேர்த்தால், மூன்றாவது துண்டைப் பொறுப்பாளர் என்று எடுத்துக்கொண்டிருந்த தேடல், அதன் பிறகு வேறொரு விவரத்தைப் பொறுப்பாளர் என்று காட்டத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு கட்டத்துக்குள் செங்குத்துக் கோடு ஒன்றைத் தவறுதலாக எழுதினாலும் இதே கதிதான். ஒவ்வொரு முறை அறிக்கைப் பக்கம் திறக்கப்படும்போதும் கோப்புகள் அனைத்தும் மீண்டும் தேடப்படுவதால், பக்கங்கள் பெருகப் பெருக வேகமும் குறையும். எனினும் டிவிக்கியில் அட்டவணையை உலாவியிலேயே திருத்தவும், நெடுவரிசை வாரியாகத் தேர்வுப் பட்டியல், தேதி என்று வகை நிர்ணயிக்கவும் ஒரு செருகுநிரல் இருந்தது. அதைச் சேர்த்துப் பயன்படுத்திய இடங்களில் இத்தகைய பிழைகளுக்கு வாய்ப்புக் குறைவு.

மீடியாவிக்கியின் பாதை வேறு. விக்கிப்பீடியாவை இயக்கும் அந்த மென்பொருளில் இயல்பாக இருப்பது பகுப்பு மட்டுமே. அது பக்கங்களின் பெயர்ப் பட்டியலைத் தருமே தவிர, அட்டவணை தராது. 2005-இல் மார்க்கஸ் குரோட்ஷ், டென்னி விரான்டெசிச் ஆகியோரின் முயற்சியில் வெளிவந்த செமான்டிக் மீடியாவிக்கி, பக்கத்தின் உரைக்குள் பண்புகளைக் குறித்துவைத்து, பின்னர் அவற்றை வினவி அட்டவணையாக்கும் வழியைத் திறந்தது. ஆனால் ஒரு பண்பை எழுதியதும் அது பக்கத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதனால் நேரும் குழப்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குரோவர் கிளீவ்லேண்ட் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1885 முதல் 1889 வரையும், மீண்டும் 1893 முதல் 1897 வரையும் இருந்தார். அவரைப் பற்றிய பக்கத்தில் பதவியேற்ற ஆண்டு 1885, 1893 என்றும், பதவி நீங்கிய ஆண்டு 1889, 1897 என்றும் பண்புகளாகக் குறித்தால், கணினிக்குத் தெரிவது இரண்டு தொடக்கங்களும் இரண்டு முடிவுகளும் மட்டுமே. எந்தத் தொடக்கத்துக்கு எந்த முடிவு என்ற இணைப்பு அறுந்துவிட்டது. 1885-இல் தொடங்கி 1897-இல் முடிந்த ஒரே பதவிக் காலம் இருந்தது என்று அந்தத் தரவிலிருந்து ஒருவர் முடிவு செய்தால் அதை மறுக்க அதில் எதுவும் இல்லை. கூட்டக் குறிப்பில் நான்கு பெயர்களும் நான்கு தேதிகளும் ஒன்றோடொன்று தொடர்பற்று நின்றதும் இதே முறிவுதான்.

செமான்டிக் மீடியாவிக்கி இதற்குக் கண்ட தீர்வு துணைப் பொருள் என்ற அமைப்பு. பக்கத்துக்குள் ஒரு சிறு பொதியை உருவாக்கி, அதற்குள் தொடர்புடைய பண்புகளை ஒன்றாக வைத்தால், பண்புகள் பக்கத்தோடு ஒட்டாமல் அந்தப் பொதியோடு ஒட்டுகின்றன. வினவும்போது பொதி ஒவ்வொன்றும் ஒரு வரிசையாக வரும். பொதிக்கு ஒரு பெயர் தந்தால் பக்கத்தின் பெயரோடு அதைச் சேர்த்து முகவரியாகவும் பயன்படுத்தலாம். பெயர் தராவிட்டால் மென்பொருளே உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாளத்தைக் கணித்து இடும், உள்ளடக்கம் மாறினால் அந்த அடையாளமும் மாறும். விரான்டெசிச் பின்னர் முன்னின்று உருவாக்கி 2012-இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத் தளத்திலும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியைக் காணலாம். அங்கே ஒரு கூற்றுக்கு உட்கூற்றுகளை இணைக்கலாம் என்பதால், ஒரே பதவியை ஒருவர் இருமுறை வகித்தாலும் ஒவ்வொரு முறைக்கும் தொடக்கமும் முடிவும் பிரியாமல் நிற்கின்றன.

நான் இவை எல்லாவற்றிலும் தெளிவானதாகக் கருதுவது, யாரன் கோரன் உருவாக்கி 2015-இல் வெளிவந்த கார்கோ என்ற மீடியாவிக்கி நீட்சியை. அதன் கருத்து எளிமையானது. பல பக்கங்களில் திரும்பத் திரும்ப அழைத்துப் பயன்படுத்தும் அச்சான ஒரு வார்ப்புருவில் அட்டவணை ஒன்றை அறிவிக்கிறோம்: வேலை என்பது உரை, பொறுப்பாளர் என்பது பக்கப் பெயர், கெடு என்பது தேதி, நிலை என்பது குறிப்பிட்ட மதிப்புகளில் ஒன்று. அதே வார்ப்புரு பக்கத்தில் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறதோ அங்கெல்லாம் அந்த அட்டவணையில் ஒரு வரிசை எழுதப்படும். கூட்டக் குறிப்பில் நான்கு வேலைகள் இருந்தால் வார்ப்புரு நான்கு முறை அழைக்கப்படும், தரவுத்தளத்தில் நான்கு வரிசைகள் உருவாகும். ஒவ்வொரு வரிசையும் தான் பிறந்த பக்கத்தின் பெயரைத் தானாகவே சுமந்துகொள்ளும். கூட்டத்துக்கென வேறொரு வார்ப்புருவும் வேறோர் அட்டவணையும் வைத்துக்கொண்டு, வினவலில் இரண்டையும் பக்கப் பெயரால் இணைத்தால், வேலையும் அது பேசப்பட்ட கூட்டத்தின் நாளும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். நிபந்தனை, அடுக்குதல், குழுவாக்கம், கூட்டுத்தொகை எல்லாம் தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல் அறிந்தவருக்குப் பழகிய வடிவிலேயே இருக்கின்றன. காட் காகிதத்தில் செய்த பிரிப்பை விக்கி எழுத்தாளர் ஒருவர் தம்மை அறியாமலேயே செய்துவிடுகிறார் என்பதுதான் இதன் சிறப்பு. வார்ப்புருவின் அமைப்பை மாற்றினால் பழைய பக்கங்களின் தரவை மறுபடி உருவாக்கும் கட்டளையை இயக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதை மறந்த குழுவின் அறிக்கையில் புதிய பக்கங்களும் பழைய பக்கங்களும் வேறு வேறு அமைப்பில் நிற்கும்.

வார்ப்புரு அழைப்பைக் கையால் எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். அதனால் பேஜ் ஃபார்ம்ஸ் என்ற துணை நீட்சியோடு சேர்த்தே கார்கோவை நிறுவுவது வழக்கம். அதில் ஒரு வார்ப்புருவைப் பலமுறை நிரப்பத்தக்கதாகக் குறித்துவிட்டால், படிவத்தின் அடியில் இன்னொன்றைச் சேர்க்கும் பொத்தான் தோன்றும். அழுத்த அழுத்த வேலைகளுக்கான கட்டங்கள் கூடிக்கொண்டே போகும். குறிப்பெடுப்பவர் விக்கிக் குறியீட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை.

டோகுவிக்கியிலும் இதற்கு வழி உண்டு. ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்ட இந்த விக்கிக்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஆனால் அதன் ஸ்ட்ரக்ட் என்ற செருகுநிரல், ஒற்றைக் கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட் கோப்பில் கட்டமைக்கப்பட்ட தரவைச் சேமிக்கிறது. பக்கத்தோடு இணைந்த தரவு, பக்கத்தைச் சாராத பொதுத் தரவு, ஒரு பக்கத்தின் கீழ் வரிசை வரிசையாகச் சேரும் தொடர் தரவு என்று அது மூன்று வகைகளைப் பிரித்துக்கொண்டது. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. ஆனால் முதல் வகைத் தரவுக்கு மட்டுமே பக்கத்தைப் போலப் பதிப்பு வரலாறு கிடைக்கும். மற்ற இரண்டில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய மதிப்பு மறைந்துவிடும். கெடு நாள் எத்தனை முறை தள்ளிப்போனது என்று பின்னால் ஆராய விரும்பும் குழு இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். எக்ஸ்விக்கி என்ற மற்றொரு விக்கியில் ஓர் ஆவணத்துக்குள், அதாவது பக்கத்துக்குள், ஒரே வகுப்பை (புலங்களின் வரையறையை) சேர்ந்த பல பொருள்களை (பதிவுகளை) எண்ணிட்டு வைக்க இடமுண்டு. அவற்றை வினவியும் எடுக்கலாம். நிரல் எழுதாமல் செயலி உருவாக்கும் அதன் வழிகாட்டியோ பதிவுக்கு ஒரு பக்கம் என்ற பழைய முறையிலேயே செல்கிறது.

குறிப்புகளையும் தரவுத்தளங்களையும் ஒரே இடத்தில் வைக்கும் நோஷன் போன்ற பிற்காலக் கருவிகள் கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டன. அங்கே பக்கத்துக்குள் வரிசையைத் தேட வேண்டிய தேவையே இல்லை. தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரிசையும் திறந்தால் விரியும் ஒரு பக்கமாகவே படைக்கப்படுகிறது. வேலைகளுக்கு ஒரு தரவுத்தளம், கூட்டங்களுக்கு ஒரு தரவுத்தளம், இரண்டுக்கும் இடையே உறவுப் புலம் ஒன்று என்று அமைத்துவிட்டு, கூட்டக் குறிப்பின் வார்ப்புருவில் அந்தக் கூட்டத்துக்குரிய வேலைகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் ஒரு காட்சியைப் பதித்தால், எழுதுகிறவர் கூட்டக் குறிப்பில் எழுதுவதாகவே உணர்வார். எழுத்து போய்ச் சேருவதோ வேலைகளின் தரவுத்தளத்தில். கன்ஃபுளூயன்ஸின் கிளவுட் பதிப்பிலும் இப்போது தரவுத்தளம் என்ற தனி வசதி சேர்ந்திருக்கிறது. வேலைகளைத் தனித் தரவுத்தளத்தில் வைக்கும் இந்த அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. கூட்டக் குறிப்பின் பழைய பதிப்பைத் திறந்து பார்த்தால், அன்று அந்த வேலையின் கெடு என்னவாக இருந்தது என்பது தெரியாது. காட்சி எப்போதும் இன்றைய நிலையையே காட்டும். கூட்டக் குறிப்பை ஒரு சாட்சியமாகக் காக்க வேண்டிய இடங்களில் இது சிறு விஷயமன்று.

கருவி எதுவாயினும், பல வரிசை அறிக்கையில் கூட்டுத்தொகை தவறும் ஓர் இடம் இருக்கிறது. அறிக்கையைப் படிப்பவர் அதை நம்பி முடிவெடுப்பார் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு திட்டத்தின் ஒதுக்கீடு 10,00,000 ரூபாய் என்றும், அதன் பக்கத்தில் மூன்று இடர்கள் பதியப்பட்டிருக்கின்றன என்றும் கொள்வோம். இடருக்கு ஒரு வரிசை என்று அறிக்கை அமைத்து, திட்டத்தின் ஒதுக்கீட்டையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தால், 10,00,000 என்ற எண் மூன்று வரிசைகளிலும் வரும். அது சரிதான். ஆனால் அந்த நெடுவரிசையின் அடியில் கூட்டுத்தொகை இட்டால் 30,00,000 என்று காட்டும். பக்கத்துக்கு உரிய எண்ணை வரிசைக்கு உரியதாகக் கருதிக் கூட்டியதால் வந்த பிழை இது. ஒரே பக்கத்தில் நான்கு வேலைகளும் மூன்று முடிவுகளும் இருந்து, இரண்டு அட்டவணைகளையும் பக்கப் பெயரால் மட்டும் இணைத்து வினவினால் இன்னும் பெரிய பிழை நேரும்: ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு முடிவோடும் சேர்ந்து 12 வரிசைகள் கிடைக்கும், அவற்றில் எந்த இணைவுக்கும் பொருள் இருக்காது. வேலைகளுக்கு ஓர் அறிக்கை, முடிவுகளுக்கு ஓர் அறிக்கை என்று பிரித்துவிடுவதே இதற்குச் சரியான வழி. ஒரே அட்டவணையில் எல்லாம் வேண்டும் என்ற ஆசைக்கு இங்கே இடம் தரக் கூடாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. வேலையே பதியப்படாத கூட்டத்துக்கு வேலைகளின் அறிக்கையில் வரிசையே இருக்காது. அந்த வாரம் கூட்டம் நடக்கவில்லையா, நடந்தும் வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லையா, அல்லது ஒதுக்கப்பட்டும் உரிய வடிவத்தில் எழுதப்படவில்லையா என்பதை அந்த இன்மை சொல்லாது. மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது. ஆகவே பல வரிசை அறிக்கையின் அருகிலேயே, பக்கத்துக்கு ஒரு வரிசை என்ற பழைய வடிவில், எந்தக் கூட்டத்தில் எத்தனை வேலைகள் பதிவாயின என்று எண்ணிக்கை மட்டும் காட்டும் சிறு பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சியம் என்று காட்டும் பக்கங்களைத் திறந்து பார்த்தாலே விடுபட்டவை தெரிந்துவிடும்.

எழுத்துமுறை ஒழுங்கும் இந்த அறிக்கைகளுக்கு மிக அவசியம். ஒரு பக்கத்தில் "பொறுப்பாளர்" என்றும் மற்றொரு பக்கத்தில் "பொறுப்பு" என்றும் தலைப்பிட்டால் கன்ஃபுளூயன்ஸ் அறிக்கையில் அவை இரண்டு நெடுவரிசைகளாகிவிடும், இரண்டும் பாதி காலியாக நிற்கும். தேதிகளை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வெறும் உரையாக எழுதினால், 02-12-2024 என்பது 15-03-2024 என்பதற்கு முன்னால் போய் நிற்கும். கணினி முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதால் டிசம்பர் மார்ச்சுக்கு முந்திவிடுகிறது. மென்பொருளில் தேதிக்கெனத் தனி வகை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டை முதலில் வைத்து 2024-03-15 என்று எழுதினால் உரையாக அடுக்கினாலும் காலவரிசை கெடாது. இவற்றை ஓர் அறிவுரைப் பக்கத்தில் எழுதிவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வார்ப்புருவிலேயே தலைப்புகளை நிரப்பிவைத்து, நிலைக்குத் தேர்வுப் பட்டியல் தந்துவிட்டால் அறிவுரையே வேண்டியதில்லை.

அறிக்கை யாருக்கு என்ன காட்டுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது. கன்ஃபுளூயன்ஸில் பக்கங்களுக்குத் தனித்தனியே பார்வைக் கட்டுப்பாடு இடலாம். அறிக்கை, பார்ப்பவருக்கு அனுமதியுள்ள பக்கங்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது. ஆனால் ஒரே அறிக்கையை மேலாளரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே நேரத்தில் திறந்தால் இருவருக்கும் வரிசைகளின் எண்ணிக்கை வேறுபடலாம், கூட்டுத்தொகையும் வேறுபடலாம். ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் அட்டவணையில் இருக்காது. மீடியாவிக்கி பக்க அளவிலான வாசிப்புக் கட்டுப்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டதன்று என்பதால் அங்கே இந்த வேறுபாடு எழாது. பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பினால் சற்றுப் பழைய அட்டவணை தெரியும் சிக்கல்தான் அங்கே அதிகம். அறிக்கையை அச்சிட்டு எடுத்துச் செல்பவர், யாருடைய கணக்கில், எந்த நேரத்தில் எடுத்தது என்பதை அதன் மேலேயே எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

தொடங்கிய குழுவுக்கே திரும்பினால், அவர்கள் செய்ய வேண்டிய வேலையின் அளவு இப்போது தெரியும். பழைய 26 பக்கங்களில் வடிவமின்றி எழுதப்பட்ட வேலைகளை யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிய வடிவுக்கு மாற்றியாக வேண்டும். பக்கத்துக்கு நான்கு வேலைகள் என்றால் ஏறத்தாழ 100 வரிசைகள், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். முடிந்துபோன வேலைகளை மாற்றாமல் விட்டுவிடலாம் என்ற யோசனை எழும். அப்படி விட்டால், கூட்டத்துக்கு எத்தனை வேலை என்ற எண்ணிக்கைப் பட்டியல் பயனற்றுப்போகும் என்பதால், அவற்றையும் மாற்றுவதே மேல். பிறகு வார்ப்புருவை மாற்றி, அடுத்த திங்கட்கிழமைக் குறிப்பை அதில் எழுதச் செய்ய வேண்டும். அறிக்கையைக் குழுத் தலைவரிடம் தருவதற்கு முன்னால், ஏதேனும் மூன்று கூட்டங்களின் பக்கங்களைத் திறந்து, அவற்றிலுள்ள வேலைகளைக் கையால் எண்ணி, அறிக்கையில் அந்தக் கூட்டங்களின் பெயரில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஒத்துவந்தால் வரிசையின் வரையறை சரியாக நிறைவேறியிருக்கிறது. அறிக்கையில் கூடுதலாக வந்தால் இணைப்பில் பெருக்கம் நேர்ந்திருக்கிறதா என்றும், குறைவாக வந்தால் வடிவத்துக்கு வெளியே எழுதப்பட்ட வேலை ஏதேனும் பக்கத்தின் பத்திகளுக்குள் இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.